ஒரே மால், இரண்டு கடிகாரங்கள்: ‘டெட் ரைசிங்’ குறித்த நிகழ்வு ஆய்வு

2006 ஆகஸ்ட் 8 அன்று வட அமெரிக்கக் கடைகளுக்கு வந்த ‘டெட் ரைசிங்’ என்ற வீடியோ கேமின் உறையில் ஒரு மறுப்பு வாசகம் அச்சிடப்பட்டிருந்தது. ஜார்ஜ் ரொமேரோவின் ‘டான் ஆஃப் தி டெட்’ திரைப்படத்தின் உரிமையாளர்களோ படைப்பாளிகளோ இந்த விளையாட்டை உருவாக்கவில்லை, அதற்கு ஒப்புதலும் உரிமமும் தரவில்லை என்பது அதன் சாரம். வாங்க வந்தவர் எவரும் எழுப்பாத ஒரு கேள்விக்கு உறையே முந்திக்கொண்டு பதில் சொல்வதைப் பார்க்கும்போது, ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்ற பழமொழி நினைவுக்கு வராமல் இருக்காது. அந்தக் குதிருக்குள் உண்மையில் என்ன இருந்தது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். ஒரு பழைய திகில் படத்திலிருந்து இந்த விளையாட்டு எதை எடுத்துக்கொண்டது, எதை எடுக்காமல் விட்டது, விட்ட இடத்தில் எதை வைத்தது என்று பார்த்தால், இரண்டு ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் எடுத்த முடிவுக்கான காரணமும், இன்றுவரை இந்த விளையாட்டை ஒரு கூட்டம் விடாமல் ஆடிக்கொண்டிருப்பதற்கான காரணமும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

முதலில் படம். ரொமேரோ 1968இல் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’தான் மனித மாமிசம் தின்னும் நடைப்பிணங்களைத் திரைக்குக் கொண்டுவந்தது, ஆனால் அந்தப் படத்தில் ‘ஜாம்பி’ என்ற சொல்லே வராது. விநியோகஸ்தர் கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனதால், அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்தப் படம் பொதுவுடைமையாகிவிட்டது. ஒரு வரி விடுபட்டதன் விளைவாக, நவீன ஜாம்பி யார் வேண்டுமானாலும் எடுத்தாளக்கூடிய உருவமாக மாறிப்போனது என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது. பத்தாண்டுகள் கழித்து, 1978இல், ரொமேரோ எடுத்த ‘டான் ஆஃப் தி டெட்’ படத்துக்கு அந்தக் கதி நேரவில்லை. அதன் உரிமை பத்திரமாகவே இருந்தது.

அந்தப் படத்தின் கதை எளிமையானது. பிலடெல்பியாவின் தொலைக்காட்சி நிலையம் ஒன்றைச் சேர்ந்த ஓர் ஆணும் பெண்ணும், இரண்டு அதிரடிப்படைக் காவலர்களும் ஹெலிகாப்டரில் தப்பிப் பறந்து, வழியில் தென்பட்ட ஒரு மாலின் கூரையில் இறங்குகிறார்கள். லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தி வாசல்களை அடைக்கிறார்கள். உள்ளே இருந்த பிணங்களைத் தீர்த்துக்கட்டுகிறார்கள். பிறகு மொத்த வளாகமும் அவர்களுக்கே சொந்தமாகிவிடுகிறது. துணிக்கடை, நகைக்கடை, துப்பாக்கிக் கடை, பனிச்சறுக்கு மைதானம் எல்லாம் விலையில்லாமல் கிடைக்கின்றன. மாதங்கள் ஓடுகின்றன. அந்தப் பெண்ணின் வயிற்றில் குழந்தை வளர்கிறது. எதையும் வாங்க முடிகிற, எதற்காகவும் காத்திருக்கத் தேவையில்லாத அந்த வாழ்க்கையில் சலிப்பு மெல்லப் படிகிறது. வெளியே கண்ணாடிக் கதவில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கும் பிணங்கள், உயிரோடு இருந்தபோது தங்களுக்கு முக்கியமாக இருந்த இடத்துக்குப் பழக்கத்தால் திரும்பி வருகின்றன என்று படம் சொல்கிறது. உள்ளே இருப்பவர்களும் அதே பழக்கத்தில்தான் சிக்கியிருக்கிறார்கள் என்பதை அது வாய்விட்டுச் சொல்வதில்லை. பிட்ஸ்பர்க் அருகே உள்ள மன்ரோவில் மாலில், கடைகள் மூடிய பிறகு இரவுகளில் படப்பிடிப்பு நடந்தது. கிறிஸ்துமஸ் அலங்காரங்கள் வந்தபோது இடையில் நிறுத்தவும் வேண்டியிருந்தது. கடை மூடிய இரவின் அந்த வெறுமை படம் முழுக்கத் தங்கியிருக்கிறது.

இனி விளையாட்டு. ஜப்பானின் கேப்காம் நிறுவனத்தில், கெய்ஜி இனாஃபுனே தயாரிப்பாளராகவும் யோஷினோரி கவானோ இயக்குநராகவும் இருந்து எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கருவிக்காக உருவாக்கியது இது. கேப்காமுக்கு ஜாம்பி புதிதல்ல. 1996இல் வெளியான அதன் ‘ரெசிடென்ட் ஈவில்’, குறுகிய நடைபாதைகளையும் கைவிரலில் எண்ணக்கூடிய தோட்டாக்களையும் வைத்து உயிர்பிழைப்புத் திகில் என்ற வகையையே நிலைநிறுத்தியது. அதன் இரண்டாம் பாகத்துக்கான ஜப்பானியத் தொலைக்காட்சி விளம்பரத்தை இயக்கியவர் ரொமேரோவேதான். ஆகவே ‘டெட் ரைசிங்’ உருவானபோது இரு தரப்பும் முன்பின் அறியாதவர்கள் அல்லர்.

கொலராடோவில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட வில்லமெட் என்ற சிற்றூரை ராணுவம் சுற்றி வளைத்திருக்கிறது. ஃபிராங்க் வெஸ்ட் என்ற புகைப்படப் பத்திரிகையாளர், ஒரு செய்தி கிடைக்கும் என்ற ஆசையில் ஹெலிகாப்டரில் வந்து அவ்வூர் மாலின் கூரையில் இறங்குகிறார். மூன்று நாள் கழித்து நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து அழைத்துக்கொள்வதாக விமானி சொல்லிவிட்டுப் போகிறார். கதையின் சட்டகம் இவ்வளவுதான். மால் இருக்கிறது, கூரையில் ஹெலிகாப்டர் இருக்கிறது, கீழே ஆயிரக்கணக்கில் நடைப்பிணங்கள் இருக்கின்றன. படம் பார்த்தவர் எவரும் பத்தாவது நிமிடத்தில் மூலத்தைக் கண்டுகொள்வார். அதை மறைக்க விளையாட்டும் முயலவில்லை.

ஆனால் 72 மணி நேரம் என்ற அந்த ஒரு நிபந்தனையில் எல்லாமே தலைகீழாகிவிடுகிறது. விளையாட்டுக்குள் ஒரு மணி நேரம் என்பது நம் கடிகாரத்தில் ஐந்து நிமிடம். மூன்று நாள் என்பது ஆறு மணி நேரம். ஆட்டக்காரர் என்ன செய்தாலும், செய்யாமல் நின்றாலும், அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நோய் எப்படிப் பரவியது என்ற மர்மத்தை அவிழ்க்கும் மையக் கதையின் ஒவ்வொரு கட்டமும் குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட இடத்தில் நடக்கும். அங்கே போய்ச் சேரவில்லை என்றால் அது நடந்து முடிந்துவிடும். இடையிடையே, மாலின் ஏதோ ஒரு மூலையில் சிக்கியிருக்கும் மனிதர்களைப் பற்றிய தகவல்கள் வந்துகொண்டே இருக்கும். அவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு காலக்கெடு உண்டு. கைக்கடிகாரத் திரையில், நேரம் கரையக் கரைய நிறம் மாறும் ஒரு பட்டையாக அது தெரியும். எல்லோரையும் காப்பாற்றி, மர்மத்தையும் முழுதாக அவிழ்ப்பது முதல்முறை ஆடுபவருக்கு அனேகமாக முடியாத காரியம். படத்தின் நால்வருக்கு நேரம் தேவைக்கு மேல் இருந்தது, அதுவே அவர்களை அரித்தது. விளையாட்டில் ஃபிராங்குக்கு நேரம் எப்போதும் பற்றாது. இடம் ஒன்று, காலம் நேரெதிர். இந்த நிகழ்வின் மையம் இதுதான் என்பது என் கருத்து.

இது ஆட்டத்தில் எப்படி உணரப்படுகிறது என்பதற்கு ஒரு காட்சியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். புத்தகக் கடையிலோ துணிக்கடையிலோ ஒளிந்திருந்த ஒரு பெண்ணை ஃபிராங்க் கண்டுபிடித்துவிட்டார். பாதுகாப்பு அறைக்கு அவரைக் கொண்டுசேர்க்க வேண்டும். அந்த அறையின் கதவை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டதால், கிடங்கு வழியாகக் கூரைக்கு ஏறி, அங்குள்ள காற்றுக்குழாய் வழியாகத்தான் உள்ளே போக முடியும். இடையில் உள்ள முற்றம் முழுக்கப் பிணங்கள். அந்தப் பெண் தானாக வழி தேடத் தெரியாதவர். ஓரிடத்தைக் காட்டி அங்கே வரச் சொல்ல வேண்டும், அல்லது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். நடு முற்றத்தில் நிற்கும்போது வயர்லெஸ் கருவி ஒலிக்கிறது. அழைப்பவர் ஓடிஸ் என்ற மூத்த துப்புரவுப் பணியாளர்; இன்னோர் இடத்தில் இன்னும் இருவரைப் பார்த்ததாகச் சொல்ல அவர் அழைக்கிறார். ஃபிராங்க் அதை எடுத்தால் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பேச்சு முடியும்வரை கையை ஓங்க முடியாது. எடுக்காவிட்டால் அது ஒலித்துக்கொண்டே இருக்கும். எடுத்து, ஏதாவது ஒரு பிணம் கடித்துப் பேச்சு அறுந்துபோனால், மீண்டும் அழைத்து, பேசிக்கொண்டிருக்கும்போது துண்டிப்பது மரியாதையில்லை என்று கடிந்துகொள்வார். இதற்குள் அந்தப் பெண் கூட்டத்துக்குள் இழுக்கப்பட்டிருப்பார். போதாக்குறைக்கு, பழைய வகைத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் திரையின் எழுத்துகள் படிக்க முடியாத அளவுக்குப் பொடியாக இருந்தன. ஓடிஸ் சொன்னது என்னவென்றே தெரியாமல் திட்டு வாங்கியவர்கள் பலர்.

இந்த எரிச்சலை வடிவமைப்பின் குறை என்று அன்று விமர்சித்தவர்கள் உண்டு. பாதிக்கு நானும் உடன்படுகிறேன்: கூட வருபவர்களின் மந்தபுத்திக்கும் பொடி எழுத்துக்கும் எந்த நியாயமும் கிடையாது. ஆனால் ஓடிஸின் அழைப்பு வேறு வகை. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்ற உண்மையை, மிக மோசமான தருணம் பார்த்து, ஒரு முதியவரின் குரலில் அது நினைவூட்டுகிறது. காலத்தையே பகையாக வைத்த ஒரு விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தூதுவரைக் கற்பனை செய்வது கடினம்.

சேமிப்பு முறையும் இதே தர்க்கத்தில் அமைந்தது. ஆட்டத்தைச் சேமிக்கக் கழிப்பறைகளுக்கோ பாதுகாப்பு அறைக்கோ போக வேண்டும். சேமிப்பதற்கு ஒரே ஓர் இடம்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. தவறான நேரத்தில் சேமித்துவிட்டால், போய்ச் சேரவே முடியாத ஒரு காலக்கெடுவின் முன் நிரந்தரமாக மாட்டிக்கொள்ள நேரும். அதற்கு மாற்றாக, இறந்தபின் ஈட்டிய நிலைகளையும் திறன்களையும் மட்டும் வைத்துக்கொண்டு முதல் நாள் நண்பகலிலிருந்து மறுபடி தொடங்கலாம். இரண்டாம் முறை வருபவருக்கு உடல்வலு கூடியிருக்கும். அதைவிட முக்கியமாக, எந்த நேரத்தில் எங்கே என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்கும். கோமாளி வேடமிட்டு இரண்டு சிறு சங்கிலி ரம்பங்களோடு வரும் எதிரியை முதலிலேயே வீழ்த்தி அந்த ரம்பத்தை எடுத்துக்கொள்வதும், ஆயுதத்தின் ஆயுளை நீட்டிக்கும் மூன்று நூல்களைத் தேடி எடுத்து உடன் வைத்துக்கொள்வதும், ஆடிப் பழகியவர்கள் அனைவரும் அறிந்த வழி. சங்கிலி ரம்பம் நீண்டு உழைக்கப் புத்தகம் வாசிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் உள்ள குறும்பு, இந்த விளையாட்டின் மனநிலைக்குச் சரியான மாதிரி.

மால் என்ற இடத்தை ரொமேரோவும் கேப்காமும் பார்த்த விதத்தில் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. படத்தில் கடைப்பொருள்கள் ஆசைப்பட வேண்டியவை. விளையாட்டில் அவை ஓங்கி அடிக்க வேண்டியவை. பெஞ்சு, தள்ளுவண்டி, கடைப் பொம்மை, கோல்ஃப் மட்டை, கித்தார், புல்வெட்டும் இயந்திரம் எதை வேண்டுமானாலும் ஃபிராங்க் கையில் எடுக்கலாம். எதுவும் நெடுநேரம் தாங்காது. ‘ரெசிடென்ட் ஈவில்’ தோட்டாக்களைப் பஞ்சத்தில் வைத்து அச்சத்தை உண்டாக்கியது. இங்கே பொருள்களுக்குப் பஞ்சமே இல்லை, நிமிடங்களுக்குத்தான் பஞ்சம். வில்லமெட்டின் மக்கள்தொகை 53,594. ஒரே ஆட்டத்தில் அத்தனை பிணங்களையும் கொன்றால் ஒரு சாதனைப் பதக்கமும், கேப்காமின் பழைய நாயகன் மெகா மேன் கையில் மாட்டிக்கொள்ளும் பீரங்கியும் பரிசாகக் கிடைக்கும். அந்த எண்ணிக்கையை ஆறு மணி நேரத்துக்குப் பிரித்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 149 வரும். மட்டையால் அடித்து அந்தக் கணக்கை எட்ட முடியாது என்பதால், மாலுக்கு அடியில் உள்ள சுரங்கப்பாதையில் காரை ஏற்றி இடித்துக்கொண்டே சுற்றிவருவதுதான் அதற்கான நடைமுறை வழி. ஊரின் மக்கள்தொகையையே இலக்கு எண்ணாக வைத்ததில் ஒரு குரூரமான நகைச்சுவை இருக்கிறது. காரில் பத்தாவது சுற்றுப் போகும்போதுதான் அது உறைக்கும்.

வழக்குக்கு வருவோம். படத்தின் உரிமையைக் கொண்டிருந்த எம்.கே.ஆர் குழுமம், விளையாட்டு தன் படத்தை மீறுவதாகக் குற்றம் சாட்டியது. கேப்காம் காத்திருக்கவில்லை, தான் எந்த உரிமையையும் மீறவில்லை என்று அறிவிக்கும்படி 2008 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் வடக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தானே விளம்புகை வழக்குத் தொடுத்தது. பதிப்புரிமையையும் வணிகக்குறியையும் மீறியதாக எம்.கே.ஆர் எதிர்வழக்கிட்டது. ஒப்புமைகளாக அது அடுக்கியவை: இரண்டிலும் களம் இரண்டு தளங்கள் கொண்ட மால், இரண்டு மால்களிலும் துப்பாக்கிக் கடை உண்டு, கூரையில் ஹெலிகாப்டர் உண்டு, கட்டம் போட்ட சட்டை அணிந்த பிணங்கள் உண்டு, முரட்டுத்தனமும் எதையும் நம்பாத குணமும் கொண்ட நாயகன் உண்டு, நுகர்வு மோகத்தை இரண்டும் பகடி செய்கின்றன.

2008 அக்டோபரில் நீதிபதி ரிச்சர்ட் சீபர்க், விசாரணைக்கே போகாமல், எதிர்வழக்கைத் தள்ளுபடி செய்தார். சுட்டிக்காட்டப்பட்ட ஒப்புமைகள் அனைத்தும், ஜாம்பிகள் பெருகிய வேளையில் மனிதர்கள் ஒரு மாலில் அவற்றோடு போராடுகிறார்கள் என்ற கருவிலிருந்து பிறப்பவை. அந்தக் கருவோ பதிப்புரிமையின் பாதுகாப்புக்கு உரியதல்ல என்பதே அவரது முடிவின் அடித்தளம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 102(பி) பிரிவு எண்ணத்துக்குப் பாதுகாப்புத் தருவதில்லை, எண்ணத்தை வெளிப்படுத்திய விதத்துக்கே தருகிறது. மால் என்று ஒன்று வந்துவிட்டால் கடைகளும் தளங்களும் கூடவே வரும். பிணங்கள் சூழ்ந்த கட்டடத்திலிருந்து தப்ப வானம்தான் வழி என்றால் ஹெலிகாப்டரும் வந்தே தீரும். சட்டைக் கட்டங்களுக்கு உரிமை கோரியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; தேடிப் பிடித்த ஒப்புமை என்பது அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது.

முடிவு சரியானது. ஆனால் அது போன பாதையில் ஒரு நெருடல் இருக்கிறது. அந்த நீதிமன்றம் பின்பற்ற வேண்டிய சோதனை, கதைப்பின்னல், கருப்பொருள், உரையாடல், மனநிலை, களம், வேகம், பாத்திரங்கள், நிகழ்வுகளின் வரிசை என்று ஒவ்வொன்றாக ஒப்பிடச் சொல்கிறது. நாவல்களையும் திரைக்கதைகளையும் ஒப்பிட உருவான பட்டியல் அது. விளையாட்டைத் திரைக்கதையாகச் சுருக்கினால்தான் அந்தச் சட்டகத்தில் பொருந்தும். சுருக்கிவிட்டாலோ ஆட்டத்தின் உயிர் வெளியே நின்றுவிடும். அந்த எட்டில் வேகம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள்தான், நான் மேலே விவரித்த கடிகாரம் முழுவதும் அடங்கியாக வேண்டும்.

கருப்பொருள் விஷயத்தில் எம்.கே.ஆரின் வாதம் தோன்றுவதைவிடக் கூர்மையானது என்றும் சொல்ல வேண்டும். படம் நோய்க்கு உறுதியான காரணம் எதையும் கூறுவதில்லை. விளையாட்டு கூறுகிறது: சாண்டா கபேசா என்ற மத்திய அமெரிக்கக் கிராமத்தில், அமெரிக்கர்களின் இறைச்சித் தேவைக்காகக் கால்நடைகளைப் பெருக்க நடந்த ஓர் ஆராய்ச்சியில் குளவி போன்ற ஓர் ஒட்டுண்ணி தப்பித்தது, ஊர் அழிக்கப்பட்டது, உயிர்பிழைத்த கார்லிட்டோ பழிவாங்க அதே நோயை வில்லமெட்டில் பரப்புகிறார். தின்று தீராத பசியே தின்னும் பிணங்களைப் படைத்தது என்ற இந்தக் கதை, நுகர்வு பற்றிய படத்தின் குறிப்பை அப்பட்டமாக எழுதிப் பார்த்ததுதான். ஆகவே ரொமேரோவின் எண்ணம் விளையாட்டுக்குள் இருக்கவே செய்கிறது; குதிருக்குள் அப்பன் இருந்தார். எண்ணமாக மட்டுமே இருந்தார், அதனால் சட்டத்தின் கைக்கு அகப்படவில்லை.

தீர்ப்புக்குப் பின் தொடர் வளர்ந்தது. 2010, 2013, 2016 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த பாகங்கள் வந்தன. நான்காம் பாகம் கதை முழுவதையும் ஆளும் அந்தக் காலக்கெடுவைக் கைவிட்டது. மாலும் இருந்தது, ஃபிராங்கும் இருந்தார், ஆனால் அவசரம் போயிற்று, அதோடு பழைய ஆட்டக்காரர்களில் பலருடைய ஆர்வமும் போயிற்று. தொடரைக் கவனித்துவந்த வான்கூவர் கிளையைக் கேப்காம் 2018இல் மூடிவிட்டது. 2024 செப்டம்பரில் முதல் பாகமே புதுப்பிக்கப்பட்டு மீண்டும் வந்தது: பல சேமிப்பு இடங்கள், தானியங்கிச் சேமிப்பு, சற்றுப் புத்தி தெளிந்த உடன்வருவோர் ஆகிய வசதிகளோடு, 72 மணி நேரத்தைத் தொடாமல்.

இந்த விளையாட்டு தன் மூலப்படத்துக்கு மிக அருகில் போகும் இடம் ஒன்று உண்டு. அது வழக்கின் பட்டியல் எதிலும் இடம்பெறவில்லை. மையக் கதையின் ஒரு கட்டத்துக்கு ஆட்டக்காரர் தாமதமாகப் போனால், உண்மை இருளில் மறைந்துவிட்டது என்ற அறிவிப்பு திரையில் தோன்றும். பழைய சேமிப்புக்குத் திரும்பாமல் அப்படியே தொடரவும் விளையாட்டு அனுமதிக்கும். இனி மர்மத்தைத் துரத்தும் வேலை இல்லை. ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருந்தால் போதும். துணிக்கடையில் புகுந்து உடை மாற்றிப் பார்க்கலாம், உணவகத்தில் இரண்டு பண்டங்களை அரைவையில் போட்டுப் பழரசம் கலக்கலாம், கண்ணாடிக்கு அப்பால் நகரும் கூட்டத்தைப் படம் பிடிக்கலாம். அறைக்குத் திரும்பி வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தால் மணி இன்னும் ஒன்பதரையாகத்தான் இருக்கும். 2024 பதிப்பில் சேமிப்பிடங்களுக்குப் போனால் அந்த முட்களை முன்னோக்கித் தள்ளிவிடும் வசதியும் இருக்கிறது.